இடது காது சற்று இறக்கம்

கணவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன பிறகும் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையை ஒரு நாள்கூட மூடவில்லை. வருகிறவர்களின் முகம் பார்த்துச் சட்டம் எடுத்துக் கொடுப்பாள், கண்ணாடியின் காலைக் காதுக்கு ஏற்றபடி வளைத்துப் பொருத்துவாள், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். அழுகைதான் வரவில்லை.

அக்காவுக்கு அதுதான் பயம். "ஒரு மூச்சு அழுதுட்டாலாவது தேவலை. மரக்கட்டையாட்டம் நிக்கிறியேடி!" என்று புலம்பியவள், நூலக ஆண்டு விழாவில் பேசத் தங்கையின் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஆளுக்கு ஐந்து நிமிடம். திரையில் படங்கள் தானாக மாறிக்கொண்டே இருக்கும். அதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

"எனக்கு என்னக்கா பேசத் தெரியும்?"

"கடையில பேசறதையே பேசு. படம் நான் போட்டுத் தர்றேன்."

கடைக் கணினியில் கைக்குக் கிடைத்த படங்களை எல்லாம் அக்கா அள்ளிப் போட்டாள். இவள் அவற்றைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

விழாவில் முதலில் பல் டாக்டர் பூனை வளர்ப்பு பற்றிப் பேசினார். வாயைத் திறப்பதற்குள் படம் மாறிவிட, "வீட்லயும் இப்படித்தாங்க, ஒரு இடத்துல நிக்காது" என்றார். அரங்கமே சிரித்தது.

அடுத்து இவள். வட்ட முகம், நீள முகம் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். படம் மாறியது. திரை நிறையக் கணவர்! கடை திறந்த புதிதில் விளம்பரத்துக்கு எடுத்தது. கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். விஷயம் தெரிந்த இரண்டொருவர் நாற்காலியில் நெளிந்தார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இவருக்கு இடது காது கொஞ்சம் இறக்கம். எந்தக் கண்ணாடி போட்டாலும் சாய்ஞ்சுதான் நிக்கும். போட்டிருக்கறவருக்குத் தெரியாது, எதிர்ல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கத்துக் காலை லேசா கீழ வளைச்சுவிட்டா சரியாயிடும்."

படம் இன்னும் மாறவில்லை. சொல்ல வேறு எதுவும் இல்லை. துக்கமோ கோபமோ, ஏதாவது ஒன்று வருமென்று காத்து நின்றாள். ஊசி போட்ட ஈறு போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பிறகு குழந்தைகளுக்கான கண்ணாடி வந்தது. மேலே பேசினாள். கைதட்டினார்கள்.

"சத்தியமா கவனிக்கலடி" என்று வெளியே வந்ததும் அக்கா தேம்பினாள்.

"விடுக்கா. தெளிவான படம்தான்."

திரும்பும் வழியில் பேருந்திலும் அக்காவின் அழுகை ஓயவில்லை. எதிர் இருக்கைப் பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "யாருக்கு என்னம்மா ஆச்சு?"

அக்கா தங்கையைக் கைகாட்டினாள்.

அவர் குழம்பினார். "இவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

"ஆமாங்க" என்றாள் அவள். பாட்டிலை வாங்கி, மூடியைத் திறந்து, அக்காவின் கையில் கொடுத்தாள்.