தொழுவத்தில் நின்ற லேத்

"நீ படிச்ச படிப்ப வச்சு இந்த லேத்த நிமித்திருவியோட்டி?" என்று சித்தப்பா கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சிரித்தார்.

எனக்கு அப்போது எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் படிப்பில் அவ்வளவு தூரம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும். "வரைஞ்சுட்டேன்" என்றுதான் சொல்வார். அம்மாவுக்கு அதுவும் இல்லை. சித்தப்பாவைப் பொறுத்தவரை, அவர் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போன நாட்களைவிட வாத்தியார் அவரைத் தேடி வந்த நாட்கள் அதிகம். ஆகவே என் படிப்பு வீட்டில் பெருமைக்கும் கேலிக்கும் நடுவே இருந்தது. மருந்துச் சீட்டும் கரண்டு பில்லும் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். மற்ற விஷயங்களில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அப்பா திருநெல்வேலி டவுனில் இரும்பு கடையும் ஒரு லேத் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். சேரன்மகாதேவியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். சொந்தமாக ஒரு லேத் போட வேண்டும் என்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாராம். சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டியதால் எந்த ஊரில் எது விலைக்கு வருகிறது என்று அவருக்குத் தெரியும். பாளையங்கோட்டைப் பக்கம் பழைய எந்திரங்கள் விற்கும் ஓர் அண்ணாச்சியிடம் எங்கள் லேத்தைக் கண்டுபிடித்தது அவர்தான். "ஓட்டிப் பாருங்க. பிடிக்கலன்னா பங்குனி உத்திரத்துக்கு முன்னால சொல்லுங்க, நானே லாரி அனுப்பி எடுத்துக்கிடுதேன்" என்று அந்த அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருந்தார்.

அப்பா வேலையை விட்டு நின்ற அன்று பட்டறை முதலாளி, "உத்திரம் கழிச்சுத் திரும்பி வருவீருல்லா, டூல் பெட்டிய இங்கனயே வச்சுட்டுப் போம் வே" என்றாராம். அப்பா பெட்டியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

வீட்டில் லேத் வைக்க இருந்த ஒரே இடம் பின்பக்கத்து மாட்டுத் தொழுவம். மாட்டை விற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று பக்கம் சுவர், ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை. மாடு இருந்த காலத்தில் அந்தத் தரையைக் கழுவியது நான்தான் என்பதால், மாடு போனதில் வீட்டிலேயே அதிகம் மகிழ்ந்தவளும் நான்தான்.

லேத் வந்த அன்று தெருவே கூடியது. ஆறு பேர் உருளைக் கம்புகளைப் போட்டு அதை உள்ளே நகர்த்தினார்கள். அம்மா வாசலில் நின்று தரையைக் காட்டி என்னவோ சொன்னாள். சித்தப்பா திரும்பிப் பார்க்காமலே, "மாட்டப் பத்தின்னா உங்ககிட்ட கேப்போம் மதினி. மெசின் சமாச்சாரத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சற்று உரக்கவே சிரித்தேன். அம்மா சுமை தூக்கியவர்களுக்குக் காப்பி போட உள்ளே போய்விட்டாள்.

லேத்துக்கு இரண்டு முனையிலும் கனத்த அடிப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு போல்ட்டுகள், ஆக நான்கு. மூன்று மூலை தரையில் பொருந்தியது. பின்சுவர் ஓரத்து நாலாவது மூலை மட்டும் தரையைத் தொடாமல் நின்றது. சித்தப்பா ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் செருகி, தொங்கி, அதை இறுக்கித் தரையோடு படிய வைத்தார். "இனி பூமியே குலுங்கினாலும் இது அசையாது லே" என்று கூடியிருந்தவர்களிடம் அறிவித்தார். அதை வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்குத் தெரியவில்லை. இருபது வருடம் லேத் ஓட்டியவர், ஒரு லேத்தைக்கூடத் தன் கையால் நிறுத்தியதில்லை. அவர் வேலை பார்த்த லேத்துகளெல்லாம் அவர் போவதற்கு முன்பே நின்றுகொண்டிருந்தவை.

அடுத்த நாளிலிருந்து தொழுவம் என் ராஜ்ஜியம். பழைய கதவு ஒன்றை இரண்டு கல்தூண்களில் கிடத்தி மேசையாக்கினோம். அம்மா கழித்துப் போட்ட அஞ்சறைப் பெட்டியில், சீரகம் இருந்த குழியில் சின்ன டூல்கள், மிளகு இருந்த குழியில் திருகுகள். துடைக்க அப்பாவின் பழைய பருத்தி வேட்டி. நைலான் சேலைத் துணி எண்ணெயை உறிஞ்சாது என்று ஒரே நாளில் தெரிந்துகொண்டேன். காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன் எண்ணெய்க் குழிகள் அத்தனையும் நிரப்புவேன். மாலையில் சுருள் சுருளாக விழுந்த இரும்புச் சீவலைப் பெருக்கி, சாக்கில் கட்டி, எந்திரத்தின் முதுகை, டூல் ஓடும் அந்த நீளப் பலகையை, மின்ன மின்னத் துடைப்பேன். என் சடையைக் கொண்டையாக முடிந்து இரண்டு ஊசி குத்திய பிறகுதான் அம்மா என்னை உள்ளே விடுவாள். லேத்தில் சுற்றும் தலைக்கு மனுசத் தலை, மரக்கட்டை வித்தியாசம் தெரியாது என்று அப்பா சொல்லியிருந்தார்.

லேத்தோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. இங்கிலீஷ். எண்ணெய் படிந்து பக்கங்கள் ஒட்டியிருந்தன. "சுண்டல் மடிக்க ஆகும்" என்று சித்தப்பா தூக்கிப் போட்டதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கெங்கே எண்ணெய் விட வேண்டும் என்ற பக்கத்தைப் பள்ளி அகராதியை வைத்து வார்த்தை வார்த்தையாகப் படித்து, அப்பாவுக்கே தெரியாத ஓர் எண்ணெய்க் குழியைக் கண்டுபிடித்தேன். அன்று ராத்திரி அப்பா சோறு சாப்பிடும்போது தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

சில்லறைத் துண்டு வேலைகளுக்குப் பிறகு, முதல் பெரிய வேலை பத்தமடை ரோட்டு அரிசி மில்லிலிருந்து வந்தது. பிசான நெல் அறுப்பு தொடங்கும் நேரம். மில்லில் ஒரு ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. புதிதாகக் கடைந்து தர வேண்டும். இரண்டடி நீளத் தண்டு, இரண்டு முனையிலும் பேரிங் உட்கார வேண்டும். அப்பாவுக்கு இதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை.

கடைந்து முடித்து பேரிங்கைப் போட்டார். ஒரு முனையில் கையால் தள்ளினால் பொருத்தமாக ஏறியது. மறுமுனையில் வாய்க்குள்ளேயே நுழையவில்லை. ஒரே ஓட்டத்தில் சீவிய தண்டு, ஒரு முனையைவிட மறுமுனை தலைமுடிக் கனம் பருத்திருந்தது. அப்பா டூலை மாற்றினார். தண்டின் மறுமுனையைத் தாங்கும் பாகத்தைக் கழற்றித் துடைத்துப் பூட்டினார். இரண்டாவது தண்டும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. மூன்று தண்டும் சுவரில் சாய்ந்து நின்றன. பார்க்க ஒரு குறையும் தெரியாது. அதுதான் அப்பாவை இன்னும் வாட்டியது.

உத்திரத்துக்கு இரண்டு நாள் இருந்தது. சித்தப்பா வந்து தண்டுகளைப் பார்த்தார்.

"முதுகே தேஞ்சு போச்சுண்ணே. கிழட்டு மெசின நம்ம தலையில கட்டிட்டான். அண்ணாச்சிக்கு ஒரு போனப் போடு, லாரி வரட்டும்."

"நீதானலே நல்ல மெசினுன்னு கொண்டாந்த?"

"நான் கண்டனா? வெளிய பெயிண்டு நல்லாத்தான இருந்துச்சு!"

அப்பா டூல் பெட்டியை மூடி, கொக்கியை மாட்டினார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் டவுன் பஸ், மறுபடியும் அந்த முதலாளி, வாசலிலேயே ஒரு சிரிப்பு. "புஸ்தகத்துல பாக்கட்டுமாப்பா?" என்று கேட்டேன். அப்போதுதான், படிப்பை வைத்து லேத்தை நிமிர்த்துவியா என்ற அந்தக் கேள்வியைச் சித்தப்பா கேட்டது.

அழுகை வந்தது. அழுதால் சித்தப்பா ஜெயித்துவிடுவார் என்பதால் துடைப்பத்தை எடுத்தேன். ஆத்திரத்தில் கூட்டும்போது, வெட்டும் இடத்தில் சூடு தணிய ஊற்றுகிற கூலண்ட் வாளி காலில் இடறிக் கவிழ்ந்தது. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் தண்ணீர் அது. தரை முழுவதும் பரவியது. அப்புறம் நான் நூறு தடவை பார்த்திருந்த ஒன்றைச் செய்தது: எல்லாப் பக்கத்திலிருந்தும் பைய நழுவி, பின்சுவர் ஓரத்து மூலைக்குப் போய், அங்கே சுவரடியில் இருந்த துளை வழியாக வெளியே இறங்கியது. மாட்டு மூத்திரம் போன அதே வழி. தொழுவம் என்றால் மூத்திரம் தேங்கக் கூடாது. அதற்காகவே தரைக்கு லேசான சரிவாக வாட்டம் கொடுத்துப் போட்டிருந்தார்கள். தண்ணீர் போய்ச் சேர்ந்த அந்தப் பள்ள மூலையில்தான் சித்தப்பா தொங்கி இறுக்கிய நாலாவது போல்ட் இருந்தது.

புத்தகத்தை எடுத்தேன். எந்திரத்தை நிறுத்தும் பக்கத்தில் ஒரு படம். லேத்தின் முதுகில், குறுக்காக, ஒரு முனையிலும் மறுமுனையிலும் ரசமட்டம் வைத்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இல்லையென்றால் முதுகு முறுகியிருக்கிறது, வெட்டு ஒரு பக்கம் பருக்கும். இந்த நான்கு வரியைப் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் படித்ததில்லை.

எங்கள் வீட்டில் கொத்தனார்கள் வைக்கும் ரசமட்டம் ஒன்று உண்டு. குமிழி ஓடுவதை வேடிக்கை பார்க்கச் சின்ன வயதில் நான் அடம்பிடித்து வாங்குவேன். பரணில் கிடக்கும். ஏணி எடுக்கத் திரும்பினேன். நல்ல காலம், அது தொழுவத்து ஜன்னலிலேயே இருந்தது. எடுத்து லேத்தின் முதுகில் ஒரு முனையில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. மறுமுனையில் வைத்தேன். குமிழி ஓரத்துக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"அப்பா! லேத்து நல்லாத்தான் இருக்கு! தரைதான் சரியில்ல! முதுகு முறுகிட்டு!"

அப்பா வந்தார். குனிந்து குமிழியைப் பார்த்தார். இந்த முனையில் ஒரு தடவை, அந்த முனையில் ஒரு தடவை, மறுபடியும் இந்த முனையில். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போய் நாலாவது போல்ட்டைத் தளர்த்தினார். கடைசிச் சுற்றில் 'டங்' என்று ஒரு சத்தம். அந்தக் கால் தரையை விட்டுத் தானாக மேலே எழும்பியது, ரொம்ப நேரம் மூச்சை அடக்கியிருந்த ஆள் மூச்சு விட்ட மாதிரி.

"அட எழவே!" என்றார் சித்தப்பா.

காலுக்கடியில் இருந்த இடைவெளியை அடைக்க மெல்லிய தகடு வேண்டும் என்றார் அப்பா. என் சத்தம் கேட்டு வந்திருந்த அம்மா உள்ளே போய், தன் பவுடர் டப்பாவில் மிச்சமிருந்த பவுடரைக் கிண்ணத்தில் கொட்டிவிட்டு, தகரத்தைக் கத்தரியால் பட்டை பட்டையாக வெட்டிக் கொண்டுவந்தாள். ஒவ்வொன்றாகச் செருகினோம். குமிழியைப் பார்த்து நான் சொல்ல, அப்பா போல்ட்டை இறுக்கினார். ஏழாவது பட்டையில் குமிழி இரண்டு முனையிலும் நடுவில் நின்றது. தகரப் பட்டை முழுவதும் பவுடரின் மல்லிகை வாசனை.

அப்பா நாலாவது தண்டைப் பூட்டினார். மோட்டார் போட்டதும் தெருவில் கரண்டு குறைய, பக்கத்து வீட்டு அக்கா, "ஏ, மிக்சி நின்னுட்டுல்லா!" என்று வழக்கம்போலக் கத்தினாள். டூல் ஒரு முனையில் தொட்டு, மறுமுனை வரை நடந்தது. சீவல் அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கியது. மோட்டார் நின்றது. முடிக் கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டரைப் பிடித்து எண்ணைப் படிப்பது என் வேலை. ஒரு முனையில் படித்தேன். மறுமுனைக்குப் போனேன். அதே எண். என் கண்ணை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தேன். அதே எண்.

அப்பா எண்ணைக் கேட்கவில்லை. பேரிங்கை எடுத்து ஒரு முனையில் தள்ளினார், ஏறியது. மறுமுனையில் தள்ளினார். அதே இறுக்கத்தில், அதே வழவழப்பில் ஏறியது. பிறகு டூல் பெட்டியின் கொக்கியைக் கழற்றி, மூடியைத் திறந்து, சுவரில் சாய்த்து வைத்தார். அந்தப் பெட்டி அதன் பிறகு எந்த பஸ்ஸிலும் ஏறியதில்லை.

தண்டை மில்லுக்குக் கொண்டுபோனது சித்தப்பாதான். லோடு ஆட்டோவின் பின்னால் இடம் காலியாக இருந்தும், புதுப்பெண்ணைப் போலத் துண்டில் சுற்றித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மில் வாசலில், டீக்கடையில், உத்திரத்துக்கு சாஸ்தா கோவிலில் கூடிய சொந்தக்காரர்களிடம் எல்லாம், "எங்க அண்ணன் மக லேத்த நிமித்திட்டா வே! படிக்கப் போடுன்னு நான் அப்பமே சொன்னேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னதை யாரும் கேட்டதில்லை. அதைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை.

லேத் நிமிர்ந்த அன்று மாலை கூலண்ட் கறையைக் கழுவ அம்மா உள்ளே வந்தாள். "தரைய நல்லாப் பாத்திட்டியேட்டி" என்று சிரித்தாள். அதையும் ஒரு பாராட்டாகவே எடுத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பாராட்டுகள் நிறைய வந்துகொண்டிருந்ததால் அதைத் தனியாக எடுத்துப் பார்க்கவில்லை.

பிறகு டிப்ளமா படித்தேன். ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் வேலை பார்த்து, போன வருடம் வீட்டுக்கே திரும்பினேன். பட்டறைப் பலகையில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் ஏறியது. தொழுவத்தை ஒட்டி இரண்டாவது கொட்டகை போடக் கொத்தனார் வந்தபோது, தரை மட்டம் பற்றி நான் படித்ததையெல்லாம் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கம்மைய வரச் சொல்லும்மா. எங்கூட எட்டு வருசம் வேல பாத்தவ. அந்தத் தொழுவத் தரைக்கு வாட்டம் பிடிச்சதே அவதான்" என்றார்.

அம்மா கல்யாணத்துக்குப் பிறகு கட்டட வேலைக்குப் போனாள் என்பது தெரியும். கல்லும் மண்ணும் சுமந்தாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த ரசமட்டம் யாருடையது என்று நான் கேட்டதே இல்லை.

"லேத்து வந்த அன்னைக்கு வாசல்ல நின்னு என்னம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"பின் மூலையில வாட்டம் இருக்கு, அங்கன வைக்காதீங்கன்னேன். சிரிச்சீங்க. நீயுந்தான்."

"அப்பம் ரசமட்டம்? பரணுல கிடந்தது ஜன்னலுக்கு எப்படி வந்துச்சு?"

"ஏன், அதுக்குக் காலு முளைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கொத்தனாரிடமிருந்து கொத்துக்கரண்டியை வாங்கினாள்.

அம்மா மட்டம் பார்த்துப் போட்ட புதுத் தரைக்கு இன்றோடு இருபத்தெட்டு நாள். காலையில் அம்மா ஒரு வாளித் தண்ணீரை அதன் நடுவில் கவிழ்த்தாள். நானும் அப்பாவும் சித்தப்பாவும் சுற்றி நின்று பார்த்தோம். தண்ணீர் வட்டமாகப் பரவி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. சித்தப்பா அம்மாவிடமிருந்து காலி வாளியை வாங்கிக்கொண்டார். நான் கோயம்புத்தூருக்கு போன் போட்டு, அங்கே வாங்கியிருந்த இரண்டாவது லேத்தை லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.