ரூபீனா அடிக்காத மணி

மயிலாப்பூர்க் கல்லூரி ஒன்றில் பதினெட்டு வருஷமாகப் பரீட்சை மணி அடித்தவர் ரூபீனா. "ரெண்டே நிமிஷம்க்கா" என்று உள்ளிருந்து பிள்ளைகள் கெஞ்சுவார்கள். "மணின்னா மணிதான்" என்பார். ஒரு நொடிகூடத் தாமதித்ததில்லை.

நாற்பத்தாறு வயதில் அதே கல்லூரியின் மாலை வகுப்பில் பி.ஏ. சேர்ந்தார். முதல் பரீட்சையன்று, மணியடிக்கும் சுத்தியலை வாட்ச்மேன் எத்திராஜிடம் ஒப்படைத்து, சுவர்க் கடிகாரத்தை இரண்டு தடவை காட்டிவிட்டுத்தான் எழுதப் போனார்.

கடைசிக் கேள்விக்கு நாலு வரிகூட எழுதவில்லை, மணி அடித்துவிட்டது. விடைத்தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்கள்.

வெளியே வந்த வேகத்தில் எத்திராஜிடம் பொரிந்து தள்ளினார். "இன்னாண்ணே, ரெண்டு நிமிசம் பொறுத்தா கொறஞ்சா பூடுவே?"

எத்திராஜ் நிதானமாகச் சுத்தியலைத் திருப்பி நீட்டினார்.

"பசங்க கேட்டப்போ நீ பொறுத்தியாம்மா?"