அடையாற்றில் என் விரல் பட்ட படம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பூசை முடிந்ததும் சாந்தோம் மாதா கோவில் வாசலிலிருந்தே கிளம்பிவிட்டேன். வீட்டுக்குப் போய்விட்டுக் கிளம்பினால் தைரியம் போய்விடும். அடையாறு எங்கள் வீட்டிலிருந்து மூன்று மைல்தான். அறுபத்திரண்டு வயதாகியும் அடையாற்றுப் பாலத்தை நான் தாண்டியதில்லை.

மகன் ராயப்பன் போட்ட கார்டு இடுப்பில் இருந்தது. "அம்மா, படம் முடிந்தது. திங்கட்கிழமை பம்பாய்க்குப் போகிறது. அதற்குள் வந்து பார்." அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு படம் காட்டினான். அதில் ஆளும் இல்லை, மரமும் இல்லை. நல்லா இருக்கு என்றேன். "எதும்மா நல்லா இருக்கு?" என்றான். எனக்கு வாய் வரவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள். கோவில் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுகிறவள். புனிதர்கள் படத்தில் சாவி வைத்திருந்தால் இராயப்பர், அம்பு பாய்ந்திருந்தால் செபஸ்தியார், இப்படித்தான் எனக்குப் படம் பார்க்கத் தெரியும். மறு வாரமே வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அடையாற்றுக்குப் போனவன், வீட்டுப் பக்கம் வரவே இல்லை. இந்தத் தடவையும் ஊமையாக நின்றால் அடுத்த கார்டு வராது என்று பயந்தேன்.

ஏழே முக்காலுக்கு மயிலாப்பூர் குளக்கரையில் பஸ். டிக்கெட் ஒன்றரை அணா. நொச்சிக்குப்பத்து அம்மாள் ஒருத்தி மீன்கூடையோடு ஏறினாள்.

"கூடைக்கும் டிக்கெட் எடு," என்றார் கண்டக்டர்.

"மீனு இன்னா சீட்லயா குந்திக்கினு வருது? போ நைனா," என்றவள், கூடையைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு எனக்கு இடம் விட்டாள். "குந்தும்மா. எங்க போறே?"

வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன். மகன் வரைந்த படம் பார்க்க, அதில் ஆள் யாரும் இருக்கமாட்டார்கள் என்று.

"ஆளே இல்லாத படமா? எங்கூட்டு செவுத்துல அடுப்புப் பொகை வரைஞ்சு வெச்சிக்கீது. அத்த பம்பாய்க்கு அனுப்பலாமா?"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தாளோ என்னவோ, குரலை இறக்கினாள். "பெத்த புள்ள காட்டுனா நல்லா கீதுன்னு சொல்லிட்டு வா. வாயா வலிக்கும்?"

"அது ஒருதரம் சொல்லியாச்சு," என்றேன்.

மந்தைவெளி தாண்டிப் பாலத்தில் பஸ் மெல்ல ஊர்ந்தது. இடது பக்கம் ஆறு கடலில் கலக்கிற இடம். ஆற்றுத் தண்ணீர் பழுப்பு, கடல் நீலம். இரண்டும் எங்கே சேர்கின்றன என்று கோடு போட்டுச் சொல்ல முடியாது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். இறங்கும்போது அந்த அம்மாள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அவள் பேர்கூடக் கேட்கவில்லை.

ஒரு பங்களாவின் பின்கட்டில் ஓடு போட்ட கொட்டகை. அதுதான் ராயப்பன் இருக்கிற இடம். தாடி வளர்த்திருந்தான்.

"நடந்தா வந்தே?"

"பஸ்ஸுல."

"காப்பி வாங்கிட்டு வரேன். படம் அங்க இருக்கு, பாத்துட்டிரு," என்று தூக்குச்செம்போடு போய்விட்டான். என்னைத் தனியே விட்டதே பெரிய உபகாரம்.

படம் என் உயரம். முழுக்க வெள்ளை. வெள்ளையில் திட்டுத் திட்டாக நீலம், ஓரமெல்லாம் கசிந்து. மூலையில் ஒரு கறுப்புக் கோடு. சாவியைத் தேடினேன், அம்பைத் தேடினேன். ஒன்றுமில்லை. ஒன்றும் புரியாத பயத்தில், கோவிலில் புனிதர் சுரூபத்தின் முன்னால் செய்கிற மாதிரியே படத்தைத் தொட்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோனேன். எண்ணெய் வாசனை அடித்தது. வர்ணம் காயவில்லை. மூன்று விரலிலும் நீலம், படத்தில் மூன்று விரல் இழுத்த தடம்.

செம்போடு வந்தவன் தடத்தைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான். கோபப்படவில்லை. "ஏம்மா தொட்டே?"

அந்த விரலைப் பார்த்தபடியே நின்றேன். அப்போதுதான் வாய் வந்தது.

"நீலம் கரையலைடா."

"என்ன?"

"துணிக்கு நீலம் போடறப்ப கட்டியைக் கந்தையில முடிஞ்சுதான் தண்ணியில அலசணும். உனக்கு மூணு வயசு. ஜுரம். அந்த நெனப்புல கட்டியை அப்படியே தொட்டியில போட்டுட்டேன். திருநாளுக்குத் தச்ச கோவில் பீடத் துணி, புத்தம் புதுசு, இப்படித்தான் திட்டுத் திட்டா ஆயிடுச்சு. அழுதுகிட்டே பங்குச் சாமியார்கிட்ட கொண்டு போனேன். இன்னும் மந்திரிக்காத துணிதானே, பிள்ளைக்குப் போட்டுக்கோன்னு குடுத்துட்டார்."

"அந்தத் துணி என்னாச்சு?"

"உன் பாய் மேல விரிச்சேன். கிழியற வரைக்கும் அஞ்சாறு வருஷம் அதுலதானே படுத்தே."

ராயப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டான். செம்பு கையிலேயே இருந்தது. "நாலு மாசமா இந்த நீலத்தைப் போட்டுப் போட்டு அழிக்கிறேம்மா. எங்கேயிருந்து வருதுன்னு தெரியல."

"அந்தக் கறுப்புக் கோடு என்னடா? எனக்குத் தெரியல."

"எனக்கும்தான் தெரியல," என்று சிரித்தான்.

காப்பி ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடித்தோம். தடத்தை அழித்துவிடு என்று எவ்வளவோ சொன்னேன். "இருக்கட்டும்மா" என்றான்.

பதினொன்றரை மணி பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவன், தானும் ஏறிக்கொண்டான். பாலத்தின் மேல் இருவரும் ஒரே ஜன்னலில் பார்த்தோம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் எங்கள் வீட்டில் அவனுக்குச் சோறு போட்டேன்.

மறுநாள் படம் பம்பாய்க்குப் போனது. நான் கோவில் துணிகளுக்கு நீலக் கட்டியைக் கந்தையில் முடிந்துகொண்டிருந்தேன். விரலில் அவன் வர்ணம் இன்னும் போகவில்லை. கல்லில் தேய்த்தால் போயிருக்கும். தேய்க்க மனமில்லை.