அம்மாள் என்று நினைத்த காய்ச்சல்

நாங்கள் துணுக்காயில் வயல் செய்கிறோம். போன மாரியில் சேற்றில் நின்று வேலை செய்த என் மனுசனுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, உடம்பில் சிவப்புப் பொட்டுகளும் வந்தன. அம்மாள் வருத்தம், அம்மை போட்டிருக்கு என்று நினைத்து வாசலில் வேப்பிலை கட்டினேன். அம்மாள் வந்த ஆளை நாங்கள் வெளியே கொண்டுபோவதில்லை. விளக்கேற்றி, அவரை விட்டுவிடும்படி அம்மாளிடம் அழுதேன்.

பக்கத்து வீட்டு மலரக்கா வந்து பார்த்தார்.

"இது எலிக்காய்ச்சல் மாதிரிக் கிடக்கு, வயல் சேத்தால வாறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ பிள்ளை."

"அம்மாள் கோவிப்பா அக்கா."

படுத்திருந்த மனுசன், "அம்மாள் விட்டாலும் இவள் என்னை விடாள்" என்று பகிடி விட்டார்.

அவருக்குச் சலம் போவது நின்று, சிறுநீரே வராத பிறகுதான் கொண்டுபோனேன். எலிக்காய்ச்சல்தான். "பிந்திட்டுதம்மா" என்றார் டொக்டர். மனுசன் வீடு திரும்பவில்லை.

நான் அழுதது அம்மாளுக்குக் கேட்டதா என்று தெரியாது. கேட்டது என்று நம்பாமல் இருக்கவும் ஏலாது. கதைக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

இப்போது பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுகிறேன். கும்பிடுவது பஸ்ஸுக்குள்தான்.