பிள்ளைகளை முன்வாசலுக்கு ஓட வைத்த எச்சரிக்கை ஒலி

நான் செய்த ஒலியைக் கேட்டு என் மகள் ஹனா சிரித்தபோது, “ஏன் சிரிக்கிறாய்?” என்று நான் ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அவள் ஒரே சொல்லில் சொல்லியிருப்பாள். ஒலி செய்யும் வேலைக்கு வரும் தங்கைமாருக்குப் பயன்படலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

1. பெட்டிக்குள் போகும் ஒலி

இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில், ஹனீபா காக்காவின் (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்) சிறிய எலக்ட்ரோனிக்ஸ் பட்டறையில் வேலை செய்கிறேன். படகுக்கு, அரிசி ஆலைக்கு, பாடசாலைக்கு என்று எச்சரிக்கைப் பெட்டி கேட்டு வருவார்கள். பெட்டியை அவர் செய்வார். அதற்குள் போகும் ஒலியை நான் லெப்டொப்பில், சிந்தசைசர் மென்பொருளில் செய்வேன்.

அதில் எனக்குப் பிடித்த பகுதி பிட்ச் என்வெலப். ஒலியின் சுருதி எவ்வளவு நேரத்தில் ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும், முடிவில் எப்படி இறங்க வேண்டும் என்று ஒரு கோடு வரைந்து கொடுப்போம். ஏறுவது அட்டாக், கடைசியில் இறங்குவது ரிலீஸ். கோட்டைச் சற்று வளைத்தாலே அதே ஒலி அதட்டும், அல்லது கொஞ்சும்.

சென்ற வருடம் நிந்தவூரில் கடலோரப் பாலர் பாடசாலை ஒன்று எங்களிடம் வந்தது. கடல் பற்றிய எச்சரிக்கை கிடைத்தால் பிள்ளைகளைப் பின்வாசலால் மேற்கே, பிரதான வீதிப் பக்கம் கூட்டிப் போக வேண்டும். அதற்கு ஒரு தனி ஒலி வேண்டும். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள்.

“ரெண்டு விசயந்தான் தங்கச்சி,” என்றார் ஹனீபா காக்கா. “பள்ளிக்கூட பெல் மாதிரி இருக்கப்படாது. புள்ளயள் கத்தி அழவும் கூடாது.”

முதல் ஒலியை வீட்டில் போட்டுக் காட்டினேன். சட்டென்று ஏறும் ஒலி. ஹனா ஓடிப்போய் என் உம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள்.

“புள்ளைய ஏன்கா இப்பிடி வெருட்டுற?” என்றார் உம்மா.

மனது கேட்கவில்லை. அட்டாக்கை மெதுவாக்கினேன். உச்சியைத் தாழ்த்தினேன். ரிலீஸை நீட்டி, கடைசிச் சுரம் தொய்ந்து இறங்கும்படி விட்டேன். ஒன்பதாவது தடவை ஹனா சிரித்துக்கொண்டு எழும்பி வாசலைப் பார்த்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி, அதையே பட்டறைக்கு அனுப்பினேன்.

2. ஒத்திகை

ஒத்திகை நாளில் நானும் போயிருந்தேன். பிள்ளைகளுக்கு முன்கூட்டி ஒன்றும் சொல்லாமல் ஜெசீமா டீச்சர் பொத்தானை அழுத்தினார். ஒரு பிள்ளையும் அழவில்லை. எல்லோரும் சந்தோசமாக எழும்பி முன்வாசலுக்கு ஓடினார்கள். முன்வாசல் கடற்கரை வீதியில் இருக்கிறது. முதல் ஆளாக ஓடியவள் ஹனா.

நல்லவேளை, கேற் பூட்டியிருந்தது. கம்பிக்குள்ளால் கையை நீட்டிக்கொண்டு அவள் சொன்னாள்: “டீச்சர், பாண் ஓட்டோ வந்திட்டு. எனக்குச் சீனி பனிஸ்.”

எங்கள் ஊர்களில் பாண், பனிஸ் என்று பேக்கரிச் சாமான் விற்கும் ஓட்டோ ஒரு ராகத்தைப் போட்டுக்கொண்டு வரும். பற்றரி இறங்கிய ஸ்பீக்கரில் அதன் கடைசிச் சுரம் அப்படித்தான் தொய்ந்து இறங்கும். நான் வரைந்த ரிலீஸ் அதே கோடு. எச்சரிக்கை என்று நான் செய்த ஒலி பிள்ளைகளைக் கடலை நோக்கி ஓட வைத்துவிட்டது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருசம் எனக்கும் ஹனாவின் வயதுதான். கேற்றடிக்கு ஓடி, ஹனாவைத் தூக்கிக்கொண்டு அழுதேன்.

சிரித்துக்கொண்டிருந்த டீச்சர் என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார். “அழாதீங்க ராத்தா. இண்டைக்குத் தெரிஞ்சது நல்லம்தானே.”

வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஹனீபா காக்கா ஒலியைத் திரும்பவும் போட்டுக் கேட்டார். “நானும் ஆறு தரம் கேட்டன். கேக்கக்குள்ள எல்லாம் பசிச்சது. ஏனெண்டுதான் விளங்கல்ல,” என்றார். அன்றைக்கே போய்ப் பெட்டியைக் கழற்றி, பிழை பட்டறையுடையது என்று பாடசாலையில் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. அவருக்கு நான் இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

3. கால்களைப் பார்த்தது

மறுநாள் லெப்டொப்போடு பாலர் பாடசாலையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்தேன். ரிலீஸை முழுதாக வெட்டினேன். சுருதி ஏறும், உச்சியில் நிற்கும், அப்படியே அறுந்துவிடும். மூன்று தடவை. எங்கள் வீதியில் அப்படி ஒலிக்கும் வண்டி எதுவும் இல்லை.

ஒலி போடும் ஒவ்வொரு தடவையும் டீச்சர் ஒரு நீளக் கயிற்றை எடுத்து, பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்லி, பின்வாசலால் நடத்தினார். நான்காவது நாள் கயிறு வருமுன்னரே அவர்கள் பின்பக்கம் திரும்பி நின்றார்கள். இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஹனா அழவில்லை, என் விரலை இறுக்கிப் பிடித்தாள். ஒலியை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கலாமா என்று கை போனது. கையை எடுத்துவிட்டேன். சரிதானா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

நான் கற்றது இதுதான்: எச்சரிக்கை ஒலி செய்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்த்தால் போதாது. கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்.

போன கிழமை ஹனா கேட்டாள், “உம்மா, அந்தச் சத்தம் வந்தா மறுகா என்ன வரும்?” அதற்குப் பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்போம் என்றேன். “அது தெரியும். மறுகா என்ன வரும்?” என்றாள். சோறு ஆறுது, சாப்பிடு என்று சொல்லிவிட்டேன்.

கடலுக்குப் பக்கத்தில் பிள்ளை வளர்க்கும் தாய்மாரே, டீச்சர்மாரே, இந்தக் கேள்விக்கு நீங்கள் எந்த வயதில், என்ன சொற்களில் பதில் சொன்னீர்கள்? பின்னேரம் கடற்கரையில் விளையாடும் ஆசை போகாமல் அதைச் சொல்ல முடிந்ததா? தயவுசெய்து எழுதுங்கள். அவள் மறுபடியும் கேட்பாள்.