பின்சீட்டுப் பாரம்

செல்லாயி பஸ்ஸில் போவாள். அவள் புருஷன் மயில்சாமி அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரில் போவான். எழுபத்தேழாம் வருஷம் பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் இந்தக் கூத்தைப் பார்க்காத ஆளே கிடையாது. பஸ் நின்றால் கார் நிற்கும். பஸ் கிளம்பினால், அது விட்ட புகையைக் குடித்துக்கொண்டே காரும் கிளம்பும். "அக்கா, உங்கூட்டுக்காரரு பின்னாலயே வாராருங்க" என்று கண்டக்டர் சிரிப்பான். செல்லாயி திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

இத்தனைக்கும் அந்தக் கார் வாங்கினதே அவளுக்காகத்தான். இதை நான் சொல்லலாம்; மயில்சாமி சாமானியத்தில் வாயைத் திறந்து சொல்கிற ஆள் இல்லை.

வாய்க்கால் பாசனத்தில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்த மனுஷன் அவன். சேலத்து டாக்டர் ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த சிவப்பு ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பார்த்தான், பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டே கதவு, தாழ்ந்த முகம், சீறுகிற சத்தம். அம்பாசடர்களுக்கு நடுவில் அது நின்றால் மாட்டுச் சந்தைக்குள் குதிரை புகுந்த மாதிரி இருக்கும். அந்தக் காரையே விலைபேசி வாங்கி வந்த அன்றைக்கே, "உன்னைய இதுல ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறம் பாரு" என்றான். கல்யாணமான புதிதில் கொடுத்த வாக்கு அது. செல்லாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? சேலத்தில் மோட்டார் பிரியர்கள் சிலர் சங்கம் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை ஏற்காட்டு மலைப் பாதையில் கார் போட்டி நடத்தினார்கள். அதைப் போய்ப் பார்த்துத் தொலைத்தான். அடுத்த வருஷம் நானும் ஓட்டுவேன் என்று வந்து நின்றான். ஆனால் ஹெரால்டு வளைவில் திரும்பும்போது கொஞ்சம் சாய்ந்து ஆடியது. அதைக் கெட்டிப்படுத்த வேண்டும்.

கோயமுத்தூரில் ரேஸ் கார்களுக்கு வேலை பார்க்கிற கந்தன் என்ற மெக்கானிக்கிடம் போனான். கந்தன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"ஷாக் அப்சார்பரக் கெட்டியானதா மாத்திருங்க. பின்சீட்டுக்கு அடியில குறுக்க ஒரு ஸ்பிரிங் பட்டை இருக்குது பாருங்க, அதத் தட்டி நிமித்திப் பின்பக்கத்தக் கொஞ்சம் எறக்கிருங்க. தீந்துது."

"எறக்கறதா?"

"ஆமாங்க. எறங்குனா பின்சக்கரம் ரெண்டும் அடியில அகட்டி நிக்கும். கால அகட்டி நிக்கறவனத் தள்ளிப் பாருங்க, உழுவானா?"

மயில்சாமிக்குச் சுருக்கென்றது. நாமக்கல் பக்கத்து ஆளிடம் சொல்கிற பேச்சா இது? லாரி கட்டுகிற ஊர். பின்னால் குந்திக்கொண்டு நிற்கிற வண்டி என்றால் பட்டை செத்த வண்டி, சோற்றுக்கு இல்லாதவன் வண்டி என்று அர்த்தம். காசு கொடுத்து வண்டியைக் குந்த வைக்க அவனுக்கு என்ன கிறுக்கா? கந்தனிடம் ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றிக்கொண்டு, வண்டியை நேரே நாமக்கல்லுக்கு விட்டான். அங்கே லாரிகளுக்குப் பட்டை கட்டுகிற பெரியசாமியின் பட்டறை இருந்தது.

பெரியசாமி யார் வந்தாலும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"எவ்வளவு பாரமுங்க ஏத்துவீங்க?"

"பாரமெல்லாம் இல்லீங்க. ரேசு."

"ரேசு எனக்குத் தெரியாதுங்க. பாரஞ் சொன்னீங்கன்னா அதுக்குத் தக்கனப் பட்டை வைப்பேன்."

"எவ்வளவு வேணாலும் தாங்கற மாதிரி வைங்க. ஒரு பட்டை சேத்தி, நல்லா வளச்சுத் தூக்கிக் கட்டுங்க."

கேட்டபடியே கட்டிக் கொடுத்தார். வண்டி வால் தூக்கின கன்றுக்குட்டி மாதிரி நின்றது. பட்டறையில் இருந்த லாரி டிரைவர்கள் சுற்றி வந்து, "ஜோரா நிக்குதுங்க" என்றார்கள். மயில்சாமிக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நாள் நாமக்கல்லில் ஒறம்பரைச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். செல்லாயி புதுப் பட்டுச்சேலை கட்டி, சீருக்கு வைக்க ஒரு தூக்குப்போசி நிறைய நெய்யை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். முதல் பள்ளத்தில் அவள் தலை கூரையில் இடித்தது. இரண்டாவது பள்ளத்தில் மறுபடியும் இடித்தது. மூன்றாவதில் போசி மூடி பறந்து நெய் முழுக்கப் பட்டுச்சேலையில்.

"நிறுத்துங்க" என்றாள். இறங்கினாள். "ஏனுங்க, இது காரா, ஒரலா? உக்காந்தவளப் போட்டு இந்த இடி இடிக்குது!"

"புதுப் பட்டை புள்ள. ஓட ஓடப் படிஞ்சிரும்."

"அது படியட்டும், நா அப்பறம் வாரேன்." அந்த வழியாக வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

அது ஆவணி மாதம். அன்றிலிருந்து அவள் காரில் கால் வைக்கவில்லை. அந்தப் பட்டை தப்பு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஏறியிருப்பாள். மயில்சாமி சொல்லவில்லை. படியும், பழகும், இது ரேஸ் வண்டி அப்படித்தான் இருக்கும் என்று ஆயிரம் சாக்குச் சொன்னான். ஆனால் ஆசையாய் வாங்கின காரில் பக்கத்து சீட்டு காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளை விட்டுவிட்டு முன்னால் போகவும் மனசு வரவில்லை. அதனால்தான் பஸ்ஸுக்குப் பின்னால் அந்த ஊர்வலம்.

இன்னொரு வேடிக்கை. வெறும் வண்டியாக வளைவில் திருப்பினால் பின்பக்கம் தவ்வித் தவ்வி ரோட்டை விட்டு ஓடப் பார்த்தது. ரேசுக்கென்று கட்டின வண்டி, ரேசுக்கும் ஆகவில்லை! அப்புறம் ஒருநாள் திருச்செங்கோட்டிலிருந்து பருத்திக்கொட்டை மூட்டைகளைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு வந்தான். அட, வண்டி அம்சமாய் அடங்கிவிட்டது. எந்த வளைவிலும் ரோட்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டு போனது. இறங்கிப் பார்த்தான். பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, சக்கரங்கள் அடியில் அகட்டி நின்றன. கந்தன் சொன்னதேதான். மயில்சாமி அதை யாரிடமும் சொல்லவில்லை; மூட்டையோடு போட்டிக்குப் போவது என்று முடிவு செய்தான்.

பேர் கொடுக்கப் போன இடத்தில் மூட்டைக்கு இடமில்லை என்றுவிட்டார்கள். மலை வளைவில் உருண்டால் ஆபத்து. "ஆளுங்க உக்காரலாமா?" என்று கேட்டான். குடும்பக் கார்ப் பிரிவில் ஆள் உட்காரத் தடையில்லை என்றார்கள்.

அந்த வண்டியில் உட்கார எவன் வருவான்? கேட்டவனெல்லாம் கும்பிடு போட்டு நழுவினான். கடைசியில் வருகிறேன் என்றது யார் தெரியுமா? சேந்தமங்கலத்திலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த மாமியார் சென்னியம்மாள். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. ஒரு பருத்திக்கொட்டை மூட்டைக்கு மேலேயே இருப்பார்.

"கொல்லிமலையில அறப்பளீஸ்வரரப் பாக்க எத்தனையோ தடவ நடந்தே ஏறுனவ நானு. உக்காந்துக்கிட்டே மல ஏறுனா எப்படி இருக்குதுன்னு பாக்கறேன். மாப்பிள்ளைகிட்டச் சொல்லு அம்மிணி" என்று மகளிடம் சொன்னார். மாப்பிள்ளை நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தான்.

சென்னியம்மாள் பழைய காலத்து மனுஷி. மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேச மாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எதுவானாலும் மகள் வழியாகத்தான். அவன் எதிரில் வந்தால் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் ஒதுங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் காரில் வந்தால் நிறுத்து, மெதுவாகப் போ என்று எப்படிச் சொல்வார்? சொல்வதற்கு நடுவில் ஆள் வேண்டும். அந்த ஆள் செல்லாயிதான்.

"எங்கம்மாவுக்காவத்தான் ஏறுறேன். தெரிஞ்சுக்கங்க" என்றாள் செல்லாயி.

"சரி சரி" என்றான் மயில்சாமி. உள்ளுக்குள் குதித்தான்.

போட்டி அன்றைக்கு மலையடிவாரத்தில், முன்சீட்டை மடக்கி மாமியாரைப் பின்னால் ஏற்றுவதற்குள் போட்டிக்காரர்கள் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். செல்லாயியும் அம்மாவோடு பின்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். வண்டி தாழ்ந்தது, சக்கரம் அகட்டியது. ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்பினார்கள். இவர்களுக்கு முன்னால் போனது ஒரு வெள்ளை பியட்.

கொடி அசைந்ததும் ஹெரால்டு கிளம்பினது பாருங்கள், கொள்ளை அழகு! முதல் கொண்டை ஊசி வளைவில் எல்லாரும் அகலமாய்ச் சுற்றிய இடத்தில் மயில்சாமி உள்ளோரமாகவே அடித்துத் திருப்பிப் போனான்.

"அம்மிணி, மாப்பிள்ளைய மெதுவாப் போகச் சொல்லு, அக்கட்டுப் பக்கம் பள்ளம்!"

"ஏனுங்க, அம்மா மெதுவா..."

அதற்குள் வளைவு முடிந்து அடுத்த ஏற்றம் வந்துவிடும். சேதி போய்ச் சேருவதற்கு முன்னால் பள்ளம் கடந்துபோகும். நாலைந்து வளைவு இப்படியே போனது. அப்புறம் சென்னியம்மாளுக்கு பயம் விட்டுப்போய் ருசி கண்டுவிட்டது. பாதி மலையில் வெள்ளை பியட் தட்டுப்பட்டது. அது வழி விடாமல் நடு ரோட்டில் ஊர்ந்தது.

"அம்மிணி, மாப்பிள்ளைய ஹாரன் அடிக்கச் சொல்லு."

செல்லாயி முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"அம்மிணி!"

செல்லாயி சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சென்னியம்மாள் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"மாப்பிள்ளை! அமுக்குங்க ஹாரன! அவங் கெடக்கறான், இந்தப் பக்கமாப் பூந்து போங்க!"

மயில்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆகட்டுமுங்க அத்தை!" என்று கத்திக்கொண்டே ஹாரனை அழுத்திப் புகுந்து போனான்.

இரண்டாம் பரிசு. பியட் வழியை மறித்த நேரம் மட்டும் இல்லாவிட்டால் முதல் பரிசே வந்திருக்கும் என்று சென்னியம்மாள் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் குடத்தை அவரே இடுப்பில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசி ஓயவில்லை. அந்த வளைவு எப்படி, இந்த ஏற்றம் எப்படி என்று ஒரே கேள்வி.

ஏரியைச் சுற்றிப் பார்த்து, ஆரஞ்சு வாங்கித் தின்று, கிளம்புகிற நேரம் வந்தது. செல்லாயி சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அதான் நீங்க ரெண்டு பேரும் நேராவே பேசிக்கறீங்களே. நடுவுல நானெதுக்கு? நா பஸ்ஸுல வாரேன்." பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

மயில்சாமி பதறி எழுந்தான். கைதட்டினதும் பரிசு வாங்கினதும் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. பின்னாலேயே ஓடினான்.

"செல்லாயி, நில்லு புள்ள. அந்தப் பட்டை தப்புத்தான். மூட்ட போட்டு ஓட்டுன அன்னைக்கே எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரல. நீ ஏறாத காரு எனக்கு எதுக்கு சொல்லு? இன்னைக்கே கழட்டிடறேன். வண்டி குந்துனாக் குந்தீட்டுப் போகுது, எவஞ் சிரிச்சாலும் சிரிக்கட்டும்."

செல்லாயி நின்றாள். கண்ணில் நீர் திரண்டிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது.

"இத அன்னைக்கே சொல்றதுக்கென்ன? பஸ்ஸுக்குப் பின்னால பொகையக் குடிச்சுக்கிட்டு வந்தீங்களே, பாக்கச் சகிக்கல" என்றாள். வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். மலை இறங்கும் வரை கதவுப் பிடியை விடவில்லை. ஆனால் காரை விட்டு இறங்கவும் இல்லை.

நாமக்கல்லில் பெரியசாமியின் பட்டறைக்கு முன்னால் கார் நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது. லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார் பெரியசாமி.

"அந்தச் சேத்துன பட்டையக் கழட்டிருங்க. மீதிய நிமித்தி எறக்கிக் கட்டுங்க. ஷாக் அப்சார்பரு அப்படியே இருக்கட்டும்" என்றான் மயில்சாமி.

"அதெல்லாஞ் செஞ்சரலாமுங்க. எவ்வளவு பாரம்னு சொல்லுங்க."

மயில்சாமி முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்கூட்டுக்காரி ஒருத்தி பாரத்துக்கு வைங்க."

செல்லாயி வெட்கப்பட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பின்சீட்டிலிருந்து எவர்சில்வர் குடத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, என்னையவும் சேத்திச் சொல்லுங்க. அடுத்த வருசமும் நா வாரேன்."