குழாயை முதலில் பார்

காரைக்காலில் எந்த ரத்தப் பரிசோதனை லேபில் மெஷின் முரண்டு பிடித்தாலும் ஞானமேரிக்குத்தான் போன் வரும். லேப் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் எழுதுவதில்லை, பேசி அனுப்புவாள்.

"மெஷினத் திட்டாதீங்க. மொதல்ல குழாயப் பாருங்க."

குழாயில் ரத்தம் கட்டியிருக்கலாம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் மெஷின் அந்தத் திரளை வெள்ளையணு என்று எண்ணிவிடும். குழாயில் பேர் ஒட்டும்போது ஆள் மாறியிருக்கலாம். பெரும்பாலும் இதில் ஒன்றாகத்தான் இருக்கும்.

அன்று தன் லேபைத் திறந்ததும் அவள் கணவன் அந்தோணிமுத்து வந்தான். திருமலைராயன்பட்டினத்தில் மீன் வண்டி ஓட்டுகிறவன். கொஞ்ச காலமாக அசதி. அடிபடாமலே கையில் நீலம் நீலமாக.

"மெதுவாக் குத்து மேரி. வீட்டுக் கோவத்த இங்க காட்டாத."

"சும்மா உக்காருங்க. ஊருக்கே குத்துறேன், ஒருத்தரும் இப்படிக் கத்துனதில்ல."

குழாயை மெஷினில் வைத்தாள். குலுக்குவது, உறிஞ்சுவது, எண்ணுவது எல்லாம் அதன் வேலை. திரை சிவந்தது. வெள்ளையணு தாறுமாறாக ஏறியிருந்தது. தட்டணு பேருக்குத்தான் இருந்தது.

அவள் பயப்படவில்லை. குழாயைச் சாய்த்துப் பார்த்தாள். குச்சி விட்டுத் துழாவினாள். கட்டி இல்லை. மறுபடி ஊசியை எடுத்தாள்.

"இன்னொருக்காவா?" என்றான் அவன்.

"ஒட்டிக்கிச்சு போல. நீல மூடிக் குழாயில எடுத்தா ஒட்டாது."

நீல மூடியும் அதே எண்ணிக்கையைத்தான் காட்டியது.

போலகத்திலிருந்து வந்து பக்கத்துத் தெரு லேபில் வேலை பார்க்கும் தேவிகாவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களா சந்தேகம் கேக்குறீங்க! மழதான் வரும்."

"சொல்லுடி."

"குழாயப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நீல மூடி?"

"போட்டேன்."

"அப்ப ஆள் மாறியிருக்கும்க்கா. நீங்கதான சொல்லுவீங்க?"

ஞானமேரி கண்ணாடிக் கதவு வழியே பார்த்தாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். முதலில் குத்திய இடம். பஞ்சு இன்னும் நனைந்துகொண்டிருந்தது.

"ஆள் மாறல தேவிகா."

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். முற்றாத வெள்ளையணுக்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கிடந்தன. ரத்தப் புற்றை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள், முன்பின் தெரியாதவர்களின் ரத்தத்தில்.

திரையில் 'சரி' என்ற பொத்தான் காத்திருந்தது. அதைத் தொட்டால் முடிவு நேராக நோயாளியின் போனுக்குப் போய்விடும். போன் அவன் கையில்தான் இருந்தது. எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் தொடவில்லை. புதுப் பஞ்சோடு வெளியே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழையதை எடுத்துவிட்டுத் தன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

"என்னா மேரி, இவ்வளவு நேரம்? மெஷின் கெட்டுப்போச்சா?"

விரலுக்கடியில் ஈரம் பரவியது. இன்னும் அழுத்தினாள்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்லங்க."